டீம் கோச்சே எடுக்கும் பிரைவேட் கிளாஸ்: காசு எதற்குப் போகிறது?

அமெரிக்காவில் பிள்ளைகளைச் சாக்கர் (கால்பந்து) கிளப்பில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு இது பழகிய விஷயம். மே, ஜூனில் ட்ரை-அவுட் என்கிற அணித் தேர்வு முடியும், ஆகஸ்டில் பயிற்சி தொடங்கும், செப்டம்பரில் ஆட்டங்கள் வரும். நாலைந்து ஆட்டம் போனதும் பெஞ்சில் அதிகம் உட்காரும் பிள்ளையின் வீட்டுக்கு டீம் கோச்சிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். முதல் டச், அதாவது வரும் பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குவது, சரியில்லை, செவ்வாய் மாலை ஒரு மணி நேரம் காலியாக இருக்கிறது, வேண்டுமானால் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பார். கட்டணம் பொதுவாக மணிக்கு 50 முதல் 100 டாலர். ஃப்ரிஸ்கோ, எடிசன், ஃப்ரீமான்ட் போல நம்மவர்கள் நெருங்கி வாழும் ஊர்களில் இதற்கு வாடிக்கையாளர் பஞ்சமே இல்லை.

இங்கே மதிப்பிடுவது அந்தச் சேவையைத்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பயிற்சி என்று மட்டும் பார்த்தால் 5-க்கு 3. யார் இறங்குவது, யார் உட்காருவது என்று தீர்மானிக்கிற அதே கோச்சிடம் வாங்கினால் 5-க்கு 1. அந்த ஒன்றும் பிள்ளை பந்தைத் தொடும் நேரத்துக்காக.

வகுப்பில் பாடம் நடத்தி மதிப்பெண் போடுகிற வாத்தியார், சாயங்காலம் அதே பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுப்பதைப் போன்றது இது. அதில் என்ன தப்பு என்பது நமக்கு நன்றாகவே தெரியும். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்றே சொல்கிறது. அமெரிக்க சாக்கர் கிளப்களில் இது இடத்துக்கு இடம் மாறுகிறது. சில கிளப்கள் சொந்த டீம் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக் கற்றுத்தருவதைத் தடுக்கின்றன. சில கிளப்கள் தங்கள் இணையதளத்திலேயே புக்கிங் வைத்துப் பங்கும் எடுத்துக்கொள்கின்றன. பல கிளப்களில் எழுத்தில் எதுவுமே கிடையாது. கோச் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. நிறைய பேருக்கு ஒரு டீமுக்கு இவ்வளவு என்று சிறு தொகைதான் கிடைக்கிறது, வாடகை கட்டுவதே இந்த பிரைவேட் கிளாஸ் வருமானத்தில்தான். கேடு அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. நேர்மையான கோச்சுக்குக்கூட, மாதம் 320 டாலர் தருகிற வீட்டுப் பிள்ளையை அரையிறுதியில் உட்கார வைக்கக் கை வராது.

நிமிடக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். யூ-11, யூ-12 (11, 12 வயதுக்கு உட்பட்டோர்) பிரிவுகளில் ஆட்டம் 9 பேருக்கு 9 பேர், 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி. டீமில் அதிகபட்சம் 16 பேர் இருக்கலாம். கோல்கீப்பர் முழு ஆட்டமும் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால், மீதி 8 இடங்களில் மொத்தம் 480 நிமிடம், அதைப் பங்குபோட 15 பிள்ளைகள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 32 நிமிடம். ஆனால் கோச் ஐந்து பேரை வெளியே எடுக்கவே மாட்டார் என்றால் அவர்கள் 300 நிமிடத்தைத் தின்றுவிடுவார்கள். மிச்சம் 180 நிமிடம் 10 பிள்ளைகளுக்கு, தலைக்கு 18. இந்தப் பத்தில் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக 20 நிமிடம் கிடைத்தால் அது மற்ற ஒன்பது பேரிடமிருந்து வந்ததுதான். நிமிடம் புதிதாக உண்டாவதில்லை. பணம் கொடுத்து வாங்குகிறவர் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் நிமிடத்தைத்தான் வாங்குகிறார். அந்த வீட்டாரும் அதே ஆண்டுக் கட்டணத்தைக் கட்டியவர்கள்.

அதே டீமில் 12 பேர் மட்டும் இருந்தால், கோல்கீப்பர் போக 11 பேருக்குச் சுமார் 44 நிமிடம் வரும். பிள்ளைக்கு நிமிடம் குறைகிறது என்றால் பெரும்பாலும் முதல் காரணம் முதல் டச் இல்லை, டீமின் தலைக்கணக்குதான். பதினாறாவது பிள்ளையைச் சேர்த்தால் கிளப்புக்கு இன்னொரு முழுக் கட்டணம், செலவு ஏறக்குறைய அதேதான். ஆண்டுக்கு 2,000, 3,000 டாலர் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த டீமில் எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள்? ஆஃபர் வந்து 24 அல்லது 48 மணி நேரத்துக்குள் டெபாசிட் கட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்திலும் இதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் ஆடும் நேரம் பற்றி என்ன வரி இருக்கிறது என்றும் தேடிப் பாருங்கள். போட்டி டீம்களில் அநேகமாக ‘கோச்சின் விருப்பப்படி’ என்றுதான் இருக்கும். அப்படியானால் நீங்கள் வாங்கியிருப்பது பயிற்சியும் ஜெர்சியும் மட்டும், ஆட்ட நிமிடம் அதில் சேர்த்தி இல்லை.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது? பத்து நிமிடம் கோன்களுக்கு நடுவே டிரிப்ளிங். பிறகு கோச் பந்தை உருட்டிவிடுவார், பிள்ளை உள்ளங்காலால் நிறுத்தித் திருப்பி அனுப்பும். இடது கால், வலது கால், தொடை, மார்பு. கடைசி இருபது நிமிடம் கோலில் அடிப்பது. பந்து நூற்றுக்கணக்கான முறை காலில் படுகிறது, அதில் பயன் உண்டு. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியே எடுப்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் வேறு. பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. பந்தை இழந்ததும் நின்றுவிடுகிறது. விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், இருக்க வேண்டிய பிள்ளை பந்து போகும் பக்கமெல்லாம் ஓடுகிறது. இதில் எதையும் எதிரில் ஆள் இல்லாமல் சரிசெய்ய முடியாது. கோச்சும் பிள்ளையும் மட்டும் நிற்கும் மைதானத்தில் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? குறைந்தது மூன்று, நான்கு பிள்ளைகள் வேண்டும். அப்படிப் பகிர்ந்துகொண்டால் தலைக்குச் செலவும் குறையும், 2-க்கு-2 ஆடவும் முடியும். தனியாக எடுக்கும் வகுப்பைவிட இது எவ்வளவோ மேல்.

செலவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். 80 டாலர் வீதம் பத்து வகுப்பு என்றால் 800 டாலர். அதன்பின் பத்து ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 5 நிமிடம் கூடினால் மொத்தம் 50 நிமிடம், நிமிடத்துக்கு 16 டாலர். அடுத்த ஆண்டு கோச் வேறு கிளப்புக்குப் போய்விட்டால் அதுவும் போச்சு. இந்தத் தொழிலில் கோச்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள். புதிய கோச்சுக்கு உங்கள் பிள்ளையின் பழைய கணக்கு எதுவும் தெரியாது. வகுப்பை நிறுத்திய மாதத்திலிருந்தே நிமிடம் சரிகிறது என்றால், கொடுத்த பணம் எதற்குப் போனது என்று உங்களுக்கும் புரிந்துவிடும், பிள்ளைக்கும் புரிந்துவிடும். பிள்ளைக்குப் புரிவதுதான் பெரிய இழப்பு. நன்றாக ஆடி ஜெயித்த நாளிலும் தன் திறமையால்தான் இறங்கினோமா என்ற சந்தேகம் அதற்கு வந்துவிடும்.

இதே பணம் வேறு வழிகளிலும் போகும். கோச் கோடையில் சொந்தமாக நடத்தும் கேம்ப், அப்பாவின் கம்பெனி பெயரில் டீமுக்கு ஸ்பான்சர், சீசன் நடுவில் ஒரு பெரிய கிஃப்ட் கார்டு. கிளப் லாப நோக்கற்ற அமைப்பாக இருந்தால் கொடுத்ததை நன்கொடை என்று வரிக்கணக்கில் காட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பதிலுக்கு ஏதாவது கிடைத்தால் அதன் மதிப்புக்கு வரிவிலக்கு கிடையாது. சீசன் முடிந்தபின் எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கொடுக்கும் பரிசில் தவறில்லை, அப்போது பேரம் பேச எதுவும் மிச்சமில்லை. தனி வீட்டிலிருந்து, சீசன் நடுவில், யாருக்கும் சொல்லாமல் போகும் பணம்தான் ஆபத்து. மேலே போகப் போக இது எங்கே முடியும் என்பதற்கு யேல் பல்கலைக்கழகம் சாட்சி. அங்கே பெண்கள் சாக்கர் கோச்சாக இருந்த ரூடி மெரிடித், போட்டி சாக்கரே ஆடாத ஒரு மாணவியைத் தன் அணிக்கு எடுத்த ஆட்டக்காரியாகக் காட்டி, அவருக்கு அங்கே இடம் கிடைக்கச் செய்ய 4 லட்சம் டாலர் வாங்கினார். 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2022-இல் 5 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

காசை எடுக்கும் முன் உண்மையில் எவ்வளவு நேரம் ஆடுகிறான் அல்லது ஆடுகிறாள் என்று அளந்து பாருங்கள். ஒரு சின்ன நோட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் போதும். பிள்ளை இறங்கும் நேரம், வெளியே வரும் நேரம், நின்ற இடம், அப்போதைய ஸ்கோர் ஆகிய நான்கையும் ஆறு ஆட்டத்துக்கு எழுதுங்கள். ஸ்கோரை விட்டுவிடாதீர்கள். 5-0 என்று முன்னால் இருக்கும்போது கிடைக்கும் 15 நிமிடமும், 1-1 என்று இருக்கும்போது கிடைக்கும் 15 நிமிடமும் ஒன்றாகாது. மேல்மட்ட லீக்குகள் சிலவற்றில் வெளியே வந்தவர் அந்தப் பாதியில் திரும்ப இறங்க முடியாது, அங்கே நிமிடம் குறைவதற்கு விதியே காரணமாக இருக்கலாம். நினைவை நம்பிப் பேசும் பெற்றோர் பலர் தவறான எண்ணைச் சொல்லிவிடுவார்கள். பெஞ்சில் உட்காரும் நிமிடம் பார்க்கிறவருக்கு நீளமாகத்தான் தெரியும்.

கணக்கு கையில் வந்தபின் கோச்சிடம் பேசுங்கள். ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் பேச வேண்டும் என்று பல கிளப்களில் விதி உண்டு, நல்ல விதி அது. மற்ற பிள்ளைகளின் பெயரை எடுக்காமல் ஒரே ஒரு கேள்வி: அடுத்த ஆறு வாரத்தில் எந்த இரண்டு விஷயம் மாறினால் கூடுதலாக இறக்குவீர்கள்? நல்ல கோச் இரண்டையும் பெயர் சொல்லிச் சொல்வார், டீம் பயிற்சியிலேயே அதற்கு இடமும் கொடுப்பார். தன்னிடம் கிளாஸ் வாருங்கள் என்பதே பதிலாக வந்தால், கிளப்பின் டைரக்டரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய நேரம் அது.

பயிற்சி வேண்டும் என்றால் வேறு கிளப்பைச் சேர்ந்த, உங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரிடம் வாங்குங்கள். யாரிடம் வாங்கினாலும் அமெரிக்க சேஃப்ஸ்போர்ட் அமைப்பின் சிறார் பாதுகாப்பு விதிகள் நினைவிருக்கட்டும். தனிப் பயிற்சிக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் ஆண்டுதோறும் வேண்டும், மற்றவர் கண்ணில் படும் இடத்தில், யாரும் குறுக்கிடக்கூடிய வகையில் நடக்க வேண்டும், நீங்கள் நின்று பார்ப்பதைத் தடுக்கக் கூடாது. கோச் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, உங்களையோ பொறுப்பான இன்னொரு பெரியவரையோ சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். முதல் டச் மட்டும்தான் குறை என்றால் செலவே வேண்டாம். ஒரு சுவர், 4-ஆம் அளவு பந்து, தினம் 20 நிமிடம், பாதி நேரம் பலவீனமான காலால் மட்டும். 13 வயதுப் பிரிவிலிருந்து 5-ஆம் அளவு.

ஆடுவதே முக்கியம் என்று நினைக்கும் வீட்டுக்கு ஏ.ஒய்.எஸ்.ஓ. (அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன்) 5-க்கு 4. 1964-இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் தொடங்கிய அமைப்பு. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. ஆட்டத்தைக் கால் பகுதிகளாகப் பிரித்து, யார் எந்தப் பகுதியில் உட்கார்ந்தார் என்று அட்டையில் குறிப்பார்கள், ஆகவே மறைக்க இடமில்லை. டீம்களையும் பலம் சமமாக வரும்படி பிரிக்கிறார்கள். கோச்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதுவே குறையும்கூட, சிலருக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. பயிற்சியும் வாரத்துக்கு ஓரிரு நாள்தான். பத்துப் பதினொரு வயதில் ஆட்டத்தில் வேகமாக வளரும் பிள்ளைக்கு இது போதாமல் போகும். ஆனால் ஆண்டுக் கட்டணம் கிளப் கட்டணத்தில் சிறு பகுதிதான். மிச்சமாகும் பணத்தில் வெளிப் பயிற்சியாளரிடம் மூன்று பிள்ளைகளாகச் சேர்ந்து தாராளமாகக் கற்கலாம்.

டீம் சார்ந்தவரிடமே காசு கொடுத்துக் கற்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: கோல்கீப்பர்கள். பல கிளப்களில் கோல்கீப்பர் பயிற்சியாளர் தனி ஆள், எல்லா வயது டீமுக்கும் அவர் ஒருவர்தான், ஆடுகிறவர் பட்டியல் போடும் வேலை அவருடையது இல்லை. கீழே விழுவது, குறுக்கே வரும் பந்தைப் பிடிப்பது, கோணத்தை அடைக்க எத்தனை அடி முன்னே வருவது என்பதெல்லாம் டீம் பயிற்சியில் யாரும் சொல்லித்தருவதில்லை. சேர்வதற்கு முன், எந்தக் கீப்பர் தொடங்க வேண்டும் என்று டீம் கோச் இவரிடம் கேட்பாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். கேட்பார் என்றால் இவரும் அதே கணக்கில் வருகிறார்.