இசட் ஃப்ளிப் 7-ஆ, ரேசர் 60 அல்ட்ராவா? தினசரிப் பயன்பாட்டில் எது கைகொடுக்கும்?

2025-ல் ஒரு லட்ச ரூபாயை ஒட்டி இந்தியாவில் இறங்கிய, இரண்டாக மடியும் ஃப்ளிப் போன்களில் பலரும் ஒப்பிட்டுப் பார்ப்பது இவை இரண்டைத்தான். மே மாதம் வந்த மோட்டோரோலா ரேசர் 60 அல்ட்ராவின் அறிமுக விலை 99,999 ரூபாய். ஜூலையில் வந்த சாம்சங் கேலக்ஸி இசட் ஃப்ளிப் 7-க்கு 1,09,999 ரூபாய். பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்களை மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூடிய நிலையிலேயே எவ்வளவு வேலை முடிகிறது, போனை எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொன்னால் போதும், எதை வாங்குவது என்பது தெளிவாகிவிடும்.

வெளித்திரை

போனை மடித்த பிறகும் வெளியே தெரியும் திரை இது: ஃப்ளிப் 7-ல் 4.1 அங்குலம், ரேசரில் 4 அங்குலம். அளவில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை, மென்பொருளில்தான் இருக்கிறது. ரேசரில் பெரும்பாலான ஆப்கள் வெளித்திரையில் நேரடியாகத் திறக்கும். கேமரா வட்டங்களைத் தவிர்த்து மேலே மட்டும் ஆப் தெரிய வேண்டுமா, திரை முழுக்க விரிய வேண்டுமா என்பதும் நம் விருப்பம்.

சாம்சங்கில் பெட்டியைப் பிரித்ததும் கிடைப்பது விட்ஜெட்டுகளும் (சிறு தகவல் கட்டங்கள்), அனுமதிக்கப்பட்ட சில ஆப்களும்தான். மற்ற ஆப்கள் வேண்டுமென்றால் கேலக்ஸி ஸ்டோரில் குட் லாக் என்ற சாம்சங்கின் கூடுதல் அமைப்பு ஆப்பை இறக்கி, அதற்குள் மல்ட்டிஸ்டார் என்ற துணை ஆப்பை நிறுவ வேண்டும். அதில் மடிக்கும் போன்களுக்கான பகுதியில் லாஞ்சர் விட்ஜெட்டை இயக்கி, வேண்டிய ஆப்களை டிக் செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் கவர் ஸ்க்ரீன், விட்ஜெட்ஸ் என்று போய் அந்த விட்ஜெட்டைச் சேர்க்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். ஆனால் இந்த விலையுள்ள போனில் இது முதல் நாளே தயாராக இருந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

வெளித்திரையில் தமிழ் கீபோர்டு இரண்டு போனிலுமே நெரிசல்தான். கீபோர்டு விரிந்ததும் மேலே ஓரிரு வரி மட்டுமே தெரியும். "வந்துட்டேன்", "சரி" என்று பதில் போட அது தாராளம். நீளமாகச் சொல்ல வேண்டுமென்றால் குரல் தட்டச்சு, இல்லையென்றால் திறந்துவிடுவது நல்லது.

கடையில் யுபிஐ கட்டும்போது வரும் சிக்கலை விளம்பரங்களில் பார்க்க முடியாது. போனை மூடியிருக்கும்போது முதன்மை கேமராவும் வெளித்திரையும் ஒரே பக்கம் இருக்கின்றன. கேமராவைக் கியூஆர் அட்டைக்குக் காட்டினால் திரையும் அட்டைப் பக்கமே திரும்பிவிடும். எதைப் பிடிக்கிறோம் என்று நமக்குத் தெரியாது. அதனால் ஸ்கேன் செய்யும்போதெல்லாம் திறந்தே ஆக வேண்டும். மொபைல் எண்ணுக்குப் பணம் அனுப்புவதற்கும், வந்த தொகையைச் சரிபார்ப்பதற்கும் மட்டும் மூடிய நிலை உதவும். செல்ஃபிக்கோ அதே அமைப்புதான் பெரிய வரம். 50 மெகாபிக்சல் முதன்மை கேமராவில், திரையைப் பார்த்தபடியே எடுக்கலாம்.

பையில், கையில்

ஃப்ளிப் 7 மடித்தால் 13.7 மி.மீ. தடிமன், எடை 188 கிராம். ரேசர் 15.7 மி.மீ., 199 கிராம். சட்டைப் பையில் போடுகிறவருக்கு அந்த 2 மி.மீ. நன்றாகவே உறைக்கும். ஒரு கையால் திறக்க ரேசர் சுலபம், திரையின் நடுவில் மடிப்புத் தடமும் குறைவு. சாம்சங்கின் கீல் சற்று இறுக்கம். மேசையில் பாதி திறந்து வைத்து வீடியோ கால் பேசும்போது அந்த இறுக்கமே நல்லது.

மணலும் தூசியும்

தூசியையும் தண்ணீரையும் எந்த அளவு தடுக்கும் என்று சொல்லும் குறியீட்டில் இரண்டுக்கும் ஐபி48 தரம். இதில் 8 தண்ணீருக்கு: நல்ல தண்ணீரில் 1.5 மீட்டர் ஆழம், 30 நிமிடம் வரை. கடல் நீர் இந்தக் கணக்கில் சேராது. 4 என்பது 1 மி.மீ.க்கு மேற்பட்ட துகள்களை மட்டுமே தடுக்கும் என்று பொருள். கடற்கரை மணலும் சாலைப் புழுதியும் அதைவிடச் சிறியவை, கீலுக்குள் போகும். திறக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தால் அழுத்தி மூடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் கீல் ஓரத்தைத் தட்டிவிட்டு, மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். அழுத்தக் காற்றை அடித்தால் துகள் இன்னும் உள்ளே போய்விடும். உள்திரைமேல் ஒரு மணல் துகள் இருக்கும்போது மூடினால், மெல்லிய கண்ணாடியில் அந்த இடத்திலேயே அழுத்தம் விழுந்து நிரந்தரப் புள்ளியாகலாம்.

உள்திரைமேல் கம்பெனி ஒட்டி அனுப்பும் படலத்தை உரிக்கவே கூடாது. நாளடைவில் மடிப்புக் கோட்டில் அது மெல்ல எழும்பி, காற்றுக் குமிழி தெரியும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைவதால் பசை விடுகிறது, அவ்வளவுதான். திரை கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. ஆனால் அந்த இடுக்கில் தூசி சேருவதற்கு முன்பே சர்வீஸ் சென்டரில் படலத்தை மாற்றிவிடுங்கள். கடைத்தெருவில் விற்கும் டெம்பர்டு கிளாஸ் உள்திரைக்கு ஆகவே ஆகாது.

பேட்டரியும் ஆயுளும்

பேட்டரியில் ரேசர் தெளிவாக முந்துகிறது: 4700 எம்ஏஎச், 68 வாட் சார்ஜிங், வயர்லெஸ் 30 வாட். ஃப்ளிப் 7-ல் 4300 எம்ஏஎச், 25 வாட், வயர்லெஸ் 15 வாட். சாம்சங் பெட்டியில் சார்ஜர் கிடையாது. தனியாக வாங்கும்போது பிபிஎஸ் வசதி (போனின் தேவைக்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றித் தரும் முறை) உள்ளதாகப் பாருங்கள், இல்லையென்றால் அந்த 25 வாட்டும் கிடைக்காது. சிப்பிலும் ரேசரின் ஸ்னாப்டிராகன் 8 எலைட், சாம்சங்கின் எக்ஸினோஸ் 2500-ஐ விட வேகமானது.

அப்டேட்டில் கணக்கு தலைகீழ். சாம்சங் 7 வருஷத்துக்கு ஆண்ட்ராய்டு, பாதுகாப்பு அப்டேட் இரண்டுமே தருவதாக உறுதி சொல்கிறது. மோட்டோரோலாவில் 3 ஆண்ட்ராய்டு பதிப்புகள், 4 வருஷப் பாதுகாப்பு அப்டேட்கள். இரண்டு மூன்று வருஷத்தில் போன் மாற்றுகிறவருக்கு ரேசரே சரி; பேட்டரியும் வெளித்திரையும் தினமும் பலன் தரும். நான்கு வருஷம் தாண்டி வைத்திருப்பவர்கள், வங்கி ஆப்களைப் போனிலேயே நம்பி இருப்பவர்கள் சாம்சங் பக்கம் போகலாம்.

எதை எடுத்தாலும், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். மடிக்கும் திரையை அங்கேயே மாற்றுவார்களா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா, உள்திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகும் திரைக் காப்பீடு வேண்டாமென்று தோன்றினால் விட்டுவிடலாம். வேண்டுமென்றால் போன் வாங்கும்போதே சேர்த்து எடுங்கள். காலம் தாழ்த்தினால் அந்தத் திட்டத்தில் சேர முடியாமல் போகலாம்.