மூன்று வருடமாக என் சாவிக்கொத்தில்: யூபிகீ 5 என்எஃப்சி

யூபிகீ என்பது பாஸ்வேர்டோடு சேர்த்து, லாகின் செய்வது நாம்தான் என்று உறுதிப்படுத்தும் சின்ன யூஎஸ்பி சாவி. 2022 கடைசியில் அதில் இரண்டு வாங்கினேன். இரண்டும் சேர்ந்து பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இதை வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, கூட வேலை செய்யும் ஒருவர் போலி லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன், அசல் போலவே இருந்தது. அவர் தட்டிய ஓடிபியை அந்த நிமிடமே அசல் தளத்தில் போட்டு எவனோ உள்ளே போய்விட்டான்.

அந்த ஆண்டு ட்விலியோ என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலரும் இப்படி ஏமாந்தார்கள். அதே சமயத்தில் கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்துக்கும் அதே பாணியில் வலை விரித்தார்கள். அங்கே மூன்று பேர் பாஸ்வேர்டைக் கொடுத்தும் திருடர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. காரணம், ஊழியர் எல்லோரிடமும் இப்படி ஒரு சாவி இருந்தது.

வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தளத்தில் பதிவு செய்யும்போது அந்தத் தளத்துக்கென்றே ஒரு ஜோடி டிஜிட்டல் சாவி, அதாவது ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு ரகசியக் குறியீட்டு எண்கள், யூபிகீக்குள் உருவாகிறது. பொதுச் சாவி தளத்துக்குப் போகிறது. தனிச் சாவி இந்தச் சின்னத் துண்டை விட்டு வெளியே வருவதே இல்லை. லாகின் செய்யும்போது தளம் ஒரு புதிய எண்ணை அனுப்பும், நாம் தங்க நிற வட்டத்தைத் தொட்டால் யூபிகீ அதற்குக் கையெழுத்துப் போட்டுத் தரும். தளத்தின் முகவரியும் அந்தக் கையெழுத்துக்குள் சேர்ந்துவிடுகிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது. போன வருடம் ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் நானே ஒரு போலி மெயிலின் லிங்கைத் திறந்து பாஸ்வேர்டைப் போட்டேன். இந்தச் சாவி இங்கே பதிவாகவில்லை என்று பிரவுசர் சொன்ன பிறகுதான் முகவரியைப் படித்தேன். உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். போட்ட பணம் அந்த ஒரு ராத்திரிக்கே சரியாகிவிட்டது.

சர்வர்களுக்குள் போகவும் இதையேதான் வைத்திருக்கிறேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 8.2 பதிப்பு முதல், அதாவது 2020 பிப்ரவரியிலிருந்து, இந்த வசதி இருக்கிறது. லேப்டாப்பில் இதற்கென இருக்கும் கோப்பை யாராவது திருடினாலும் யூபிகீ கையில் இல்லாமல் அது எதற்கும் உதவாது.

பைக் சாவியோடு கிடந்து மழையில் நனைந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லேப்டாப்பில் செருகியிருக்கும்போது விரல் பட்டால், ஒருமுறை மட்டும் செல்லும் 44 எழுத்துக் குறியீடு ஒன்றை விசைப்பலகை போல அதுவே தட்டிவிடும். அலுவலக அரட்டையில் எத்தனை தடவை போய் விழுந்திருக்கிறது! யூபிகோவின் ஆப்பில் அதை அணைத்துவிடலாம், வாங்கியதும் முதலில் அதைச் செய்யுங்கள். யூபிகீக்கு நாம் வைக்கும் பின் எண்ணை எட்டு முறை தொடர்ந்து தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ரீசெட் செய்து எல்லாத் தளத்திலும் புதிதாகப் பதிய வேண்டியதுதான்.

உண்மையான குறை ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கவே முடியாது. 2024 செப்டம்பரில், யூபிகீக்குள் இருக்கும் இன்ஃபினியன் நிறுவனச் சிப்பின் மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. 5.7க்கு முந்தைய மென்பொருள் பதிப்பு உள்ள யூபிகீ 5 எல்லாவற்றிலும் அது இருக்கிறது, என்னுடையதிலும். சாவி கையில் கிடைத்து, விலை உயர்ந்த கருவிகளும் இருந்தால்தான் அதை உடைக்க முடியும் என்பதால் நான் மாற்றவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் 5.7 அல்லது அதற்கு மேல்தானா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இன்னொரு வருத்தம், நான் கணக்கு வைத்திருக்கும் வங்கி இன்னும் எஸ்எம்எஸ் ஓடிபியைத்தான் கேட்கிறது.

ஒன்று மட்டும் வாங்காதீர்கள், தொலைந்தால் திண்டாட்டம். தனிச் சாவியை நகல் எடுக்க வழியில்லை, அதனால் ஒவ்வொரு தளத்திலும் இரண்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். என் இரண்டாவது சாவி அக்கா வீட்டு பீரோவில், நகைப் பெட்டிக்குள் இருக்கிறது. புதுக் கணக்கு தொடங்கினால் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கே போகும்போது அதையும் பதிந்துவிட்டு வருகிறேன்.