பிரைட்னஸ் ஸ்லைடரா, லெவல்ஸா, கர்வ்ஸா?

மங்கிய புகைப்படத்தைப் போட்டோஷாப் போன்ற மென்பொருளில் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. என் ஓட்டு லெவல்ஸுக்கு.

8 பிட் படத்தில் ஒவ்வொரு வண்ண சேனலிலும் (சிவப்பு, பச்சை, நீலம்) பிக்சலுக்கு 0 முதல் 255 வரை ஓர் எண்; 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். பழைய பாணி பிரைட்னஸ் ஸ்லைடர் எல்லாவற்றோடும் ஒரே எண்ணைக் கூட்டிவிடும். 50 கூட்டினால், 205-உம் அதற்கு மேலும் இருந்ததெல்லாம் 255-இல் போய் முட்டிக்கொள்ளும். மேகத்தின் மடிப்பு, வெள்ளைத் துணியின் நெசவு எல்லாம் காலி. கறுப்போ 50 ஆகிச் சாம்பல் பூக்கும். அதை மறைக்கக் கான்ட்ராஸ்டை ஏற்றினால் இரண்டு முனைகளும் இன்னும் வெட்டுப்படும். போட்டோஷாப்பில் 2007-இல் வந்த சிஎஸ்3 பதிப்பிலிருந்து இந்த ஸ்லைடர் கொஞ்சம் திருந்திவிட்டது. பழையபடியே வேண்டும் என்பவர்களுக்கு லெகசி என்று ஒரு டிக் இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ!

லெவல்ஸில் ஹிஸ்டோகிராமை, அதாவது எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் வரைபடத்தை, பார்த்தபடி வேலை செய்யலாம். மேடு தொடங்கும் இடத்துக்கு, வரைபடத்தின் கீழே இருக்கும் கறுப்பு முக்கோணத்தையும், முடியும் இடத்துக்கு வெள்ளையையும் நகர்த்தினாலே பாதிப் படம் எழுந்து உட்காரும். அப்புறம் நடு முக்கோணம், அதாவது காமா. அதை 1.4 ஆக்கினால் 128 ஏறக்குறைய 156 ஆகும். 0-உம் 255-உம் அசையாது. பிரைட்னஸ் ஸ்லைடரிடம் நாம் எதிர்பார்த்தது உண்மையில் இதைத்தான்.

கர்வ்ஸின் பலம் வேறு. இதில் வெளிச்ச அளவுகளை ஒரு கோடாகக் காட்டும்; அதை வளைத்துத் திருத்தலாம். வானம் சரியாக இருக்கிறது, முகம் மட்டும் இருட்டு என்றால், கோட்டின் மேல்பாதியில் ஒரு புள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பாதியை மட்டும் உயர்த்தலாம். லெவல்ஸால் இது முடியாது. ஆனால் கை கொஞ்சம் தாராளமானால் தோல் ஆரஞ்சாகிவிடும். மூன்று நிறங்களுக்கும் பொதுவான ஆர்ஜிபி கர்வில் கான்ட்ராஸ்ட் கூடும்போது நிறச்செறிவும் சேர்ந்தே ஏறும். அந்த கர்வ்ஸ் லேயரை, வெளிச்சத்தை மட்டும் மாற்றும் லுமினாசிட்டி மோடில் வைத்தால் அது அடங்கும்.

ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் பிரைட்னஸ் பெட்டியிலிருந்து லெவல்ஸுக்கும், அங்கிருந்து கர்வ்ஸுக்கும் அதே அமைப்புகளோடு தாவ பொத்தான் உண்டு. ஸ்லைடரில் தொடங்கிப் பழகியவர்கள் அப்படியே ஏறிப் போகலாம்.

எதில் செய்தாலும் 8 பிட் ஜேபெக்கை அதிகம் இழுத்தால் ஹிஸ்டோகிராம் சீப்புப் பல்லாகும், வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். கேமரா சென்சாரின் மூலப்பதிவான 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் பெரிய திருத்தங்களை அங்கேயே முடித்துவிடுவது நல்லது.