இ-கிராம்ஸ்வராஜ் தளம் வார்டு உறுப்பினருக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

ஊராட்சியின் வரவு செலவு நோட்டுகள் அலுவலக பீரோவுக்குள் இருந்தவரை, தலைவரும் செயலரும் தவிர மற்ற உறுப்பினர்களில் பலருக்குத் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு வேலை முடிந்துவிடும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் இ-கிராம்ஸ்வராஜ் தளம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டபோது, அதுவரை தனித்தனி மென்பொருள்களில் நடந்துவந்த திட்டமிடல், கணக்கு, பணப் பட்டுவாடா ஆகியவை ஒரே இடத்துக்கு வந்தன. அந்தத் தளத்தை அதிகாரியின் பக்கத்திலிருந்து பார்க்காமல், தன் தெருவுக்கு ஒரு வேலை கேட்கும் வார்டு உறுப்பினரின் பக்கத்திலிருந்து எடைபோடுவதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். உள்நுழைவுக் கணக்கோ கடவுச்சொல்லோ இல்லாமல், நிதியாண்டையும் மாநிலத்தையும் தேர்ந்தெடுத்து, மாவட்டம், ஒன்றியம் என்று இறங்கினால், எந்த ஊராட்சியின் ஒப்புதல் பெற்ற வளர்ச்சித் திட்டத்தையும் யாரும் படிக்க முடிகிறது. இந்தத் திறந்த தன்மை யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததல்ல. 2021-22 முதல் 2025-26 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயைப் பரிந்துரைத்த 15-வது நிதிக்குழு, கணக்குகளும் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருந்தால்தான் மானியம் கிடைக்கும் என்று நிபந்தனை வைத்தது.

உறுப்பினர் ஊன்றிப் படிக்க வேண்டியது மானியத்தின் பகுப்பை. குறிப்பிட்ட செலவுக்கு மட்டும் ஒதுக்கியதை 'டைடு' என்றும், அப்படிக் கட்டுப்படாததை 'அன்டைடு' என்றும் ஒன்றிய அலுவலகங்களில் பேச்சுவாக்கில் சொல்வார்கள். அந்த ஐந்தாண்டு மானியத்தில் டைடு 60 விழுக்காடு. அதில் ஒரு பாதி துப்புரவுக்கும் திறந்தவெளிக் கழிப்பிடமற்ற நிலையைத் தக்கவைப்பதற்கும், மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கும் உரியது. அன்டைடு எனப்படும் மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம். ஆனால் சம்பளத்துக்கும் அலுவலக நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது. தெருவிளக்கு கேட்கும் உறுப்பினரிடம் 'நிதி இல்லை' என்று பதில் வந்தால், அது எந்தப் பகுதியில் இல்லை என்று திருப்பிக் கேட்க இந்தப் பகுப்பு தெரிந்திருக்க வேண்டும். டைடு பகுதியில் பணம் கிடந்தாலும் அதிலிருந்து விளக்குப் போட முடியாது என்பதால், அந்தப் பதில் சில சமயம் முழு உண்மையாகவும் இருக்கலாம்.

தளத்தின் உண்மையான பிடி வேறிடத்தில் இருக்கிறது. நிதிக்குழு மானியத்திலிருந்து ஒரு பணிக்குப் பணம் போக வேண்டுமானால், அந்தப் பணி ஒப்புதல் பெற்ற ஆண்டுத் திட்டத்தில் ஏறியிருக்க வேண்டும். பணமும் இரண்டு மின் கையொப்பங்களுக்குப் பிறகே ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்குக்குச் செல்லும். ஆகவே வேலை நடக்கும் நேரத்தில் எழுப்பும் குரலைவிட, அடுத்த ஆண்டுத் திட்டம் பேசப்படும் அக்டோபர் 2 கிராம சபையில் எழுப்பும் குரலுக்கே மதிப்பு அதிகம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடினாலும், உறுப்பினர் தயாரிப்போடு போக வேண்டிய நாள் அதுதான். இந்த ஒரு செய்தியைத் தளம் தன் முகப்பிலேயே எளிய சொற்களில் எழுதி வைத்திருக்கலாம்.

குறைகளில் பெரியது, இங்கே வார்டு என்ற அலகு கண்ணில் படாததுதான். கணக்கு ஊராட்சி அளவில் நிற்கிறது. பணியின் பெயரில் தெருவைக் குறிப்பிடுவதும் குறிப்பிடாததும் பதிவிடுபவரின் கவனத்தைப் பொறுத்தது. 'சிறுபாலம் அமைத்தல்' என்று மட்டும் இருந்தால், அது யாருடைய வார்டில் என்று அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். அதேபோல, ஊராட்சியின் முழு நிதிநிலையும் இங்கே இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கணக்குக்குத் தனித் தளம் உண்டு. வீட்டுவரி செலுத்துவதற்கு மாநில அரசு வேறொரு தளத்தை வைத்திருக்கிறது. தணிக்கை அறிக்கைக்கு 'ஆடிட் ஆன்லைன்' என்ற மற்றொரு வாசலைத் தட்ட வேண்டும். மூன்று நான்கு இடங்களில் சிதறிக் கிடப்பதை ஒரே தாளில் சேர்த்து எழுதும் வேலை உறுப்பினரின் தலையில்தான் விழுகிறது.

2024-இல் பாஷிணி மொழிபெயர்ப்பு வசதி இணைக்கப்பட்ட பிறகு தமிழிலும் படிக்கலாம் என்பது பெரிய மாற்றம். எனினும் கணக்குத் தலைப்புகளைப் பொறுத்தவரை, இயந்திரத் தமிழை ஆங்கில மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. அகலமான அட்டவணைகள் கைப்பேசித் திரைக்கு ஏற்றவை அல்ல. கணினியில் திறந்து அச்செடுத்துக்கொள்வதே வசதி.

2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் சென்றபோதும் இந்த அறிக்கைகள் பொதுப்பார்வையில்தான் இருந்தன. புதிதாகப் போட்டியிட எண்ணுபவர், வேட்புமனுவுக்கு முன்பே தம் ஊராட்சியின் கடந்த ஐந்தாண்டுத் திட்டங்களை இங்கிருந்து எடுத்து, எந்தப் பணி ஆண்டுதோறும் எழுதப்பட்டும் செலவுக் கணக்கில் வரவே இல்லை என்று பார்த்துக்கொள்ளலாம்.