ஒற்றைச் சட்டைக்கும் ஆர்டர் எடுக்கும் பனியன் கம்பெனி: எங்கள் ஓட்டக் குழுவின் ஜெர்சி

கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் விடியற்காலையில் ஓடும் எங்கள் குழுவுக்காகத் திருப்பூரில் உள்ள ஒரு சிறிய பனியன் கம்பெனி தைத்துக் கொடுத்த ஜெர்சியைக் கடந்த பதினான்கு மாதங்களாக அணிந்து வருகிறோம். முதல் ஆர்டரில் 62 சட்டைகள் வாங்கினோம். அதன் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்றும் இரண்டுமாக 31 சட்டைகள் வாங்கியிருக்கிறோம். துணி, தையல், விலை எல்லாவற்றையும் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஆனால் குழுவுக்கு ஜெர்சி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு கம்பெனியைப் பின்னால் வந்த அந்த 31 சட்டைகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்கு முன் எங்களுக்குத் தைத்துக் கொடுத்த வேறொரு நிறுவனத்தின் குறையையும் சொல்ல வேண்டியிருப்பதால், இரண்டின் பெயரையும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பழைய ஜெர்சி கருநீலத்தில் சாயமேற்றிய துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டது. ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு சட்டம் தயார் செய்ய வேண்டும். அந்தச் செலவு ஐம்பது சட்டைகளில் பங்கு பிரிந்தால் தெரியாது, ஒரு சட்டையின் தலையில் விழுந்தால் தாங்காது. ஆகவே அந்த நிறுவனம் 50 சட்டைகளுக்குக் குறைந்து ஆர்டர் எடுப்பதில்லை என்று சொன்னதைக் குற்றமாகக் கருத முடியாது. என் வருத்தம் வேறு. பிறகு வருபவர்களுக்கு எப்படிக் கிடைக்கும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டிருந்தேன். பத்துப் பேர் சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள், பன்னிரண்டு பேர் சேர்ந்த பிறகு அழைத்தபோது மீண்டும் ஐம்பது என்றார்கள். நாங்களும் அடுத்த ஆண்டு புது வடிவம் போடலாம் என்று அதை அப்படியே விட்டுவிட்டோம். அந்தப் பன்னிரண்டு பேரும் ஏறக்குறைய ஓராண்டு முழுவதும் வெவ்வேறு நிற டி-ஷர்ட்டுகளில் எங்களுடன் ஓடினார்கள்.

அதன் விளைவை எனக்குக் காட்டியது ஒரு புகைப்படம். 2013 முதல் நடந்துவரும் கோவை மாரத்தானில் எங்கள் குழுவினர் ஆண்டுதோறும் கலந்துகொள்வது வழக்கம். அந்த ஆண்டு ஓட்டம் முடிந்து எல்லோரும் கருநீலத்தில் வரிசையாக நின்றபோது, ஐந்து மாதங்களாக ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் எங்களுடன் ஓடி, அன்று தன் முதல் 21 கிலோமீட்டரை முடித்திருந்த ஒரு பெண், "நான் எடுக்கறனுங்ண்ணா, நீங்க எல்லாரும் நில்லுங்க" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டு எதிரே போய் நின்றார். யாரும் அவரை விலக்கவில்லை. அவராகவே விலகிக்கொண்டார். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தபோதுதான் அவர் அதில் இல்லை என்பது எனக்கு உறைத்தது. மற்றப் பதினொரு பேரும் அதில் இல்லை என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது.

புதிய ஜெர்சிக்குக் கம்பெனி தேடத் தொடங்கியபோது, கோவையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பூரில் ஆறு இடங்களில் ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு சட்டை வேண்டும் என்றால் தைத்துத் தருவீர்களா?" நான்கு பேர் முடியாது என்றார்கள். ஒருவர் இரு மடங்கு விலை சொன்னார். ஆறாவது கம்பெனியின் உரிமையாளர், "சப்ளிமேஷன்ல ஒண்ணும் நூறும் ஒண்ணுதானுங்க, தைக்கறதுக்குத்தான் ஆள் நேரம் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு எங்களை உள்ளே அழைத்துச் சென்று காட்டினார். வெள்ளைப் பாலியெஸ்டர் துணியை முன்பக்கம், பின்பக்கம், கை எனத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறார்கள். வடிவம் முழுவதும் கணினியிலிருந்து காகிதத்தில் அச்சாகிறது. அந்தக் காகிதத்தைத் துணியின்மேல் வைத்து ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அழுத்தும்போது, மை ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. சாயப்பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை, ஸ்கிரீன் சட்டமும் வேண்டியதில்லை. எங்கள் கோப்பைத் திறந்து ஒரு சட்டைக்கான காகிதத்தை மட்டும் அச்சிட்டால் போதும். இந்த முறையில் வேலை செய்யும் இடங்கள் இன்று நிறையவே இருக்கின்றன. ஆனால் அந்த வசதியைப் பின்னால் வரும் ஒருவருக்காகப் பயன்படுத்த மனம் வைத்தவர் இவர் ஒருவரே. வியாழக்கிழமை மாலைக்குள் அளவை அனுப்பிவிட்டால், மற்றவர்களின் ஆர்டரோடு சேர்த்து வெள்ளிக்கிழமை அச்சிட்டு, அடுத்த வாரம் பார்சலில் அனுப்பிவிடுகிறார்.

துணியைப் பொறுத்தவரை எங்களுக்குக் குறையில்லை. சிறு துளைகளுள்ள டாட் நிட் துணி, 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 140 கிராம்). பருத்தி தன் எடையில் ஏறக்குறைய எட்டு சதவீத ஈரத்தை இயல்பாகவே உள்வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. பத்துக் கிலோமீட்டர் தாண்டிய பிறகு இந்த வித்தியாசத்தைத் தோள்களே சொல்லிவிடும். பக்கத் தையல்கள் மேடு தெரியாமல் தட்டையாகத் தைக்கும் ஃபிளாட்லாக் ஆகையால் அக்குளில் உரசிப் புண்ணாவதில்லை. அறுபது எழுபது முறை துவைத்தும் அச்சு உரியவில்லை. பாலியெஸ்டருக்கே உரிய வியர்வை வாடை மட்டும் இதிலும் உண்டு. ஓடி முடித்ததும் நீரில் அலசிவிடுவதைத் தவிர அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பெண்களுக்கான வெட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய ஜெர்சியை எல்லோருக்கும் பொதுவான அளவு என்று கொடுத்தார்கள். நடைமுறையில் அது ஆண்களின் வெட்டு. தோள் அகலமாகவும் இடுப்பு இறுக்கமாகவும் இருந்ததால் பெண்கள் பலர் அதை வாங்கி வைத்துக்கொண்டு வேறு சட்டையில்தான் ஓடினார்கள். ரேஸ்கோர்ஸில் விடியற்காலையில் சேலையோடும் ஷூவோடும் வேகநடை போடும் அம்மாக்களையும், சுடிதாரில் ஓடும் கல்லூரிப் பெண்களையும் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களில் ஒருவர் எங்களுடன் சேர நினைத்தால், முதலில் உடையை மாற்ற வேண்டுமோ என்ற கேள்விதான் அவர் மனத்தில் எழும். 2021-ல் ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் பிகினி கீழாடைக்குப் பதிலாக அரைக்காற்சட்டை அணிந்த நார்வே பெண்கள் அணிக்கு 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அதே ஆண்டிலேயே அந்த விதியைத் திருத்தினார்கள். அங்கே வலியுறுத்தப்பட்டது குறைவான உடை, இங்கே எங்கள் பெண்கள் கேட்டது சற்றுக் கூடுதலான உடை. இரண்டு இடத்திலும் அணிபவரைக் கேட்காமல் வேறு யாரோ முடிவு செய்ததுதான் சிக்கல்.

இம்முறை அளவு எடுப்பதற்கு முன்பே குழுவின் பெண்களில் நால்வர் கம்பெனிக்கு நேரில் வந்தார்கள். முதல் சாம்பிளில் மார்புப் பகுதி வெளிர் மஞ்சளாக இருந்தது. ஒருவர் அதன்மேல் தண்ணீரைத் தெளித்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதும், வடிவமைத்த இளைஞர் ஒன்றும் பேசாமல் அதை அடர் பச்சையாக மாற்றினார். அரைக்கை, முழுக்கை இரண்டும் ஒரே விலை; இடுப்புக்குக் கீழ் நான்கு அங்குலம் நீளமான வடிவமும் உண்டு; அளவுகள் எக்ஸ்எஸ் முதல் 5எக்ஸ்எல் வரை. குழுவில் ஹிஜாப் அணியும் ஒருவருக்கு அதே துணியில் அதே பச்சையில் தலைத்துணி அச்சிட்டுத் தைத்துத் தந்தார்கள், அதற்குக் கூடுதல் பணம் வாங்கவில்லை. பெருத்த உடம்பைக் குறைப்பதற்காகவே ஓட வருபவரிடம் உங்கள் அளவில் சட்டை இல்லை என்று சொல்வதைவிடக் கொடுமையான வரவேற்பு வேறு இருக்க முடியாது. பழைய ஜெர்சி 2எக்ஸ்எல்லோடு நின்றுபோனது.

ஒரு தவறும் நேர்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது மாதம் வந்த ஐந்து சட்டைகளின் பச்சை, முதலில் வந்தவற்றைவிட ஒரு சாயல் வெளிறியிருந்தது. தனியாகப் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் நின்றால் யார் பழையவர், யார் புதியவர் என்று நிறமே காட்டிக் கொடுத்தது. ஜெர்சியே இல்லாதிருப்பதைவிட இது சிறிய குறைதான் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புகார் சொன்னதும், பிரஸ்ஸின் வெப்பமும் நேரமும் மாறியதே காரணம் என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டு ஐந்தையும் திரும்ப அச்சிட்டுக் கொடுத்தார். அதிலிருந்து எங்கள் சட்டையின் ஒரு துண்டைத் தேதியோடு தன் மேசைச் சுவரில் ஒட்டி வைத்து, அதோடு ஒப்பிட்ட பிறகே அனுப்புகிறார். ஆர்டர் கொடுப்பவர்கள் முதல் நாளிலேயே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஜெர்சி வந்த முதல் மாதங்களில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ரேஸ்கோர்ஸின் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் சுற்றில் அறுபது பேர் ஒரே நிறத்தில் ஓடியது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதே காலத்தில் புதியவர்கள் வருவது குறைந்தது. பிறகு சேர்ந்த ஒருவர், இரண்டு வாரங்களாகத் தேநீர்க் கடையருகே நின்று எங்களைப் பார்த்துவிட்டுத் தனியாகவே ஓடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நெஞ்சில் பெரிதாக ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்ததால், "ஏதோ கம்பெனி டீம், வெளியாளுங்களச் சேத்துக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டனுங்க" என்றார். அந்த நிறுவனம் எங்களுக்குச் சட்டைச் செலவில் பாதியைக் கொடுத்திருந்தது. நாங்கள் நிலைமையை எடுத்துச் சொன்னதும் தங்கள் பெயரைக் கையின் ஓரத்துக்கு மாற்றச் சம்மதித்தார்கள். நெஞ்சில் இப்போது "எங்களோடு ஓட வாருங்கள்" என்று தமிழில் இருக்கிறது. அதோடு, செவ்வாயும் வியாழனும் நடக்கும் பயிற்சிக்கு யாரும் ஜெர்சி அணிவதில்லை என்று முடிவு செய்தோம். புதியவர் முதலில் வரும் நாள் பெரும்பாலும் வாரநாளாகத்தான் இருக்கிறது; அன்று எல்லோரும் பலவண்ணமாக இருப்பதால் அவரும் அதில் ஒரு வண்ணமாகிவிடுகிறார். ஜெர்சி ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கும் போட்டிகளுக்கும் மட்டும்.

எப்போது கொடுப்பது என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. பத்து ஞாயிறு ஓடிய பிறகுதான் ஜெர்சி என்பது பழைய வழக்கம். உழைத்துப் பெற்றால்தான் மதிப்பு என்ற மூத்தவர்களின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் என்ற வாராந்தர இலவச ஓட்டத்தில் 50, 100, 250 என்று ஓட்டங்களை எட்டியவர்களுக்கு அந்த எண் பொறித்த டி-ஷர்ட் இருக்கிறது, அதைப் பெருமையோடு அணிகிறார்கள். ஆனால் அங்கே அந்தச் சட்டை இல்லாதவர் பங்கு குறைந்தவர் ஆவதில்லை. எதை அணிந்து வந்தாலும் ஓடலாம். பிரிட்டனின் ஓட்டக் கழகங்களுக்குள் நடக்கும் போட்டிகளில் கழகத்தின் உடையை அணிந்தே ஓட வேண்டும் என்ற விதி உண்டு. எங்கள் ஊர்ப் போட்டிகளில் அப்படி யாரும் கேட்பதில்லை. எனவே எங்கள் ஜெர்சி முழுக்க நாங்களே விரும்பி ஏற்படுத்திக்கொண்ட அடையாளம், அது யாரையாவது வெளியே நிறுத்தினால் அந்தப் பொறுப்பும் எங்களுடையதுதான். இப்போது மூன்றாவது வாரம் அளவு எடுத்துவிடுகிறோம். நூறு ஞாயிறு முடித்தவர்களுக்குத் தொப்பி கொடுக்கிறோம். மூத்தவர்கள் அதை மனநிறைவோடு அணிகிறார்கள். முதுகில் பெயர் போடும் வசதியைக் கம்பெனி இலவசமாகவே தருகிறது, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் போட்டுக்கொண்டோம். பின்னால் ஓடிவரும் புதியவர் எவரையும் பெயர் சொல்லி அழைக்க அது உதவுகிறது. ஆண்டு எண் மட்டும் போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆண்டு போட்டால் அடுத்த ஆண்டே அது பழைய ஜெர்சி ஆகிவிடும், பிறகு வருபவருக்கு வேறொன்று தைக்க வேண்டிவரும்.

விலை மொத்தமாக வாங்கும்போது ஒன்றுக்கு 360 ரூபாய், தனியாக வாங்கும்போது 430 ரூபாய். அந்த 70 ரூபாய் வித்தியாசத்தைப் புதியவரிடம் வாங்காமல் குழு நிதியிலிருந்து கொடுக்கிறோம். கல்லூரி மாணவர்கள், இரவுக் காவல் பணி முடித்து நேராக ஓட வரும் இருவர் எனச் சிலருக்கு முழுத் தொகையையும் நிதியே ஏற்கிறது. யாருக்கு என்பது பொருளாளருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

குறைகளாக நான் சொல்லக்கூடியவை மூன்று. சாவி வைக்கச் சிறு பை இல்லை. கேட்டால் தைக்கிறார்கள், ஆனால் அந்த இடத்தில் துணி தொங்குகிறது. பெண்களுக்கான வெட்டில் எம் அளவு, அட்டவணையில் உள்ளதைவிடத் தோளில் அரை அங்குலம் சிறியது, ஆகவே ஓர் அளவு கூட்டிச் சொல்வது நல்லது. தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம் திருப்பூர் முழுக்க வேலை நெருக்கடி என்பதால் ஒற்றைச் சட்டைகள் மூன்று வாரம்வரை தாமதமாகின்றன. அந்தக் காலத்துக்கென்று பொதுவான அளவுகளில் பெயர் இல்லாத சட்டைகள் ஆறு முன்கூட்டியே வாங்கி என் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அன்று புகைப்படம் எடுத்த பெண்தான் இப்போது அளவு எடுக்கும் பொறுப்பில் இருக்கிறார். இந்த வியாழனுக்கு அவர் அனுப்பிய பட்டியலில் மூன்று பேர்: ஒருவருக்கு 4எக்ஸ்எல், ஒருவருக்கு முழுக்கை, அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவருக்குச் சேலைக்கு மேல் அணியும்படி நீளமாக ஒன்று. கடைசியாகச் சொன்னதை இதுவரை தைத்ததில்லை என்ற உரிமையாளர், மாதிரிக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.