வாய் நாற்றத்துக்கு புரோபயாடிக் மாத்திரை: 4,497 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

4,497 ரூபாய். புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை, டப்பா 1,499 வீதம் மூன்று டப்பா. இன்று காலை "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது" என்று மெசேஜ் வருகிறது. என்னத்தைத் தீர்த்தார்கள்? ஒரு பைசா திரும்பி வரவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதை வாங்க நினைப்பவர்களுக்கு யோசனைகளும் கடைசியில் சொல்கிறேன்.

வாய் நாற்றத்தை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்ல முடியாது. கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க ஆட்களிடம் பேசுகிற வேலை எனக்கு. எதிரில் நிற்பவர் லேசாக முகத்தைத் திருப்பினால்கூடச் சுருக்கென்று இருக்கும். அப்போதுதான் போனில் அந்த விளம்பரம். பெயர் வேண்டாம், ரீல்ஸில் விளம்பரம் போட்டு ஷாப்பிங் ஆப் வழியாக விற்கும் ஒரு ஹெல்த் சப்ளிமென்ட் கடை.

விளம்பரத்தில் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைக் காட்டினார்கள். அங்கே கண்டுபிடித்த நல்ல பாக்டீரியா, நாற்றம் உண்டாக்கும் கெட்ட பாக்டீரியாவை அடக்கிவிடும் என்றார்கள். தேடிப் பார்த்தேன், ஆராய்ச்சி உண்மைதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் கே12 என்று அதற்குப் பெயர். அங்கேதான் எனக்கு நம்பிக்கை விழுந்தது. நம்பருக்குக் கூப்பிட்டால் ஒரு பெண், "அண்ணா, எங்க அப்பாவுக்கும் இதே பிரச்சினைதான், இப்போ கூட்டத்துல தைரியமா பேசுறார். ஒரு டப்பா பத்தாதுண்ணா, மூணு டப்பா கோர்ஸா எடுத்துக்கோங்க" என்றார். அண்ணா அண்ணா என்றே 4,497 ரூபாயை வாங்கிவிட்டார்.

பார்சலைப் பிரித்தால் லேபிளில் கே12 இல்லவே இல்லை. லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்று வேறு இரண்டு பாக்டீரியாவின் பெயர், எந்த ரகம், எத்தனை கோடி உயிர் என்று ஒரு விவரமும் கிடையாது. அதைவிடக் கூத்து, தண்ணீரில் விழுங்கும் கேப்சூல். அந்த கே12 ஆய்வில் முதலில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து போட்டு வாய் கொப்பளிக்க வைத்து, பிறகுதான் வாயில் கரையும் மிட்டாய் மாதிரி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 2006-ல் 23 பேரை வைத்துச் செய்த முதற்கட்ட ஆய்வு அது. நாற்றம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியிலும் ஈறு இடுக்கிலும் காற்றுப்படாமல் வாழும் பாக்டீரியா விடுகிற கந்தக வாயு. வயிற்றுக்குப் போகிற கேப்சூல் நாக்கில் என்ன செய்யும்?

சரி, கேட்டேன். "ஆரம்பத்துல அப்படித்தான், கெட்டது வெளியேறுது" என்றார்கள். அப்புறம், "வெங்காயம் பூண்டு சாப்பிடுறீங்களா?" அதற்கப்புறம் சீல் உடைத்தால் ரிட்டர்ன் கிடையாதாம். இரண்டு டப்பா பிரிக்காமலே இருக்கிறது, போட்டோ அனுப்பினேன். "காம்போவில் ஒன்றைத் திறந்தால் எல்லாம் திறந்த கணக்குதான் சார்." அண்ணா போய் சார் ஆகிவிட்டேன்! ஆப்காரர்கள் கடையைக் கேள் என்கிறார்கள், கடை ஆப்பைக் கேள் என்கிறது. இப்போது அந்தப் பெண்ணின் நம்பரில் நான் பிளாக்.

பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதுமே காரணத்தைச் சொல்லிவிட்டார். ஈறுக்கு அடியில் காறை, அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கு. சுத்தம் செய்து, நாக்கை வழிக்கச் சொல்லி அனுப்பினார். இப்போது தேவலை. அதற்கான செலவு 4,497-ல் கால் பங்குகூட இல்லை, அதுதான் வயிறு எரிகிறது.

யோசனை என்று பெரிதாக எழுதப் பொறுமையில்லை. விளம்பரத்தில் காட்டும் பாக்டீரியாவின் முழுப்பெயர், அந்த கே12 மாதிரி ரக எண் உட்பட, லேபிளில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே போட்டோ கேளுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இருப்பது உணவு விற்க உரிமம், நோய் தீரும் என்பதற்குச் சான்று இல்லை. மூன்று டப்பா கோர்ஸ் என்றாலே போனை வையுங்கள். முதலில் பல் டாக்டர். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, நானும் இப்போது அதற்குத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.