மூன்று கடை, ஒரே ‘கேஷ் கஸ்டமர்’: நாலு வருஷ அனுபவம்

எங்களுடையது பாத்திரக் கடை. தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. பில் போடும் மென்பொருள் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. பேரைச் சொல்லிப் பாராட்டினால் விளம்பரம், திட்டினால் வம்பு, அதனால் பேர் வேண்டாம். நான் சொல்ல வந்தது எல்லா மென்பொருளிலும் இருக்கிற கேஷ் கஸ்டமர் கணக்கைப் பற்றி.

பேர் சொல்லாமல் ஒரு தூக்குச்சட்டியோ ரெண்டு டம்ளரோ வாங்கிப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் விழுவார்கள். முதல் வருஷம் மூன்று கடைக்கும் சேர்த்து ஒரே லெட்ஜர்தான், அதாவது ஒரே கணக்குப் பக்கம். ஆடிட்டரும் அது போதும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களுக்கு மாநிலத்துக்குள் விற்றதை, விற்பனையைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் வரி விகிதப்படி மொத்தமாகக் காட்டினால் போதும், எந்தக் கடையில் விற்றது என்று கேட்பதில்லை. ஆனால் ராத்திரி கணக்குப் பார்க்கிறவன் நான். மூன்று கடையும் சேர்த்து 1,840 ரூபாய் குறைகிறது என்றால் எந்தக் கல்லாவில் போய்த் தேடுவது?

சரி என்று கடைக்கு ஒரு லெட்ஜர், கடைக்கு ஒரு பில் வரிசை என்று பிரித்தோம் (பில் நம்பர் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும், அதை மட்டும் கவனியுங்கள்). அப்புறமும் கல்லா இடித்தது. காரணம் அந்தப் பேர்தான். கேஷ் கஸ்டமர் என்றால் பேர் தெரியாத ஆள், ரொக்கம் தருகிற ஆள் இல்லை. எங்களிடம் அவர்களில் பாதிப் பேர் ஜிபேயில்தான் கட்டுகிறார்கள். மென்பொருளோ அந்தப் பேரைப் பார்த்ததும் தானாகவே ‘ரொக்கம்’ என்று எடுத்துக்கொள்ளும், பையனும் அவசரத்தில் எண்டரைத் தட்டிவிடுவான். போதாததற்கு மூன்று கடைக்கும் ஒரே க்யூஆர் கோடு. கடைக்கு ஒரு க்யூஆர் வாங்கி, எப்படிக் கட்டினார் என்று குறிக்காமல் பில் சேமிக்கவே முடியாதபடி மாற்றிய பிறகுதான் கணக்கு நேரானது.

பழைய பித்தளை இன்னொரு தலைவலி. ஒரு அம்மா பழைய அண்டாவைக் கொண்டுவந்தார், எடை போட்டதில் 2,300 ரூபாய். 3,100க்குப் புதுப் பாத்திரம் எடுத்துக்கொண்டு மீதி 800 கொடுத்தார். பையன் 2,300ஐத் தள்ளுபடி என்று போட்டு 800க்குப் பில் அடித்துவிட்டான். கல்லா அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது, விற்பனையும் வரியும்தான் குறைந்துபோயின. வித்தது 3,100க்கு, பித்தளை வாங்கியது தனிக் கணக்கு.

சீர் பாத்திரத்துக்கு மட்டும் கேஷ் கஸ்டமரே கூடாது. சங்கரன்கோவிலில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தென்காசியில் வந்து சாமான் எடுப்பார்கள், போன் நம்பர் இல்லாவிட்டால் அந்த அட்வான்ஸைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே விசேஷத்துக்கு ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் வேறு இருக்கிறது. பில்லை ரெண்டாகக் கிழித்தாலும், ரெண்டு கடையில் போட்டாலும் அது ஒரே கல்யாணம்தான்.

மென்பொருளில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. நெட் போனால் பில்கள் தேங்கி நிற்கும். மறுநாள் நெட் வந்து ஏறும்போது நேற்றைய பில்லுக்கும் இன்றைய தேதி விழும். எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, ‘அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் சார்’ என்கிறார்கள்.

அதனால் காகிதத்தை நான் இன்னும் விடவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு 500 எத்தனை, 200 எத்தனை என்று எழுதிய சீட்டை மூன்று கடையிலிருந்தும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். சங்கரன்கோவில் பையன் மட்டும் கடைசி வரியில் ‘சில்லறை ஒரு டப்பா’ என்று எழுதி அனுப்புகிறான்.